பின்னால் போகாத ஜீப்

எதிரே சுவர் இருப்பது ஜீப்பை நிறுத்திய பிறகுதான் நஞ்சப்பனுக்கு உறைத்தது. முன்னால் மாட்டுக் கொட்டகை, வலப்பக்கம் வீடு, இடப்பக்கம் வைக்கோல் போர். பின்னால் மட்டும் வழி தாராளமாகத் திறந்து கிடந்தது. அவருடைய ஜீப்புக்குத்தான் பின்னால் போகத் தெரியாது.

"ஏனுங்க, ரோட்டுலயே நிறுத்திக்கறேன்னு சொல்லித்தானே கூட்டியாந்தீங்க?" என்று பூவாத்தாள் உதடு அசையாமல் கேட்டாள். இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்த மனைவிமாருக்கு மட்டுமே வரும் வித்தை அது.

ரோட்டில் நிறுத்தத்தான் அவரும் பார்த்தார். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் வாசலுக்கே வந்துவிட்டார். "உள்ள கொண்டாங்க, இன்னும் உள்ள கொண்டாங்க" என்று கைகாட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். பெண் கொடுக்கப் போகிற வீட்டில், அவ்வளவு கூப்பிட்ட பிறகும் வெளியே நிறுத்தினால் என்ன மரியாதை? கூப்பிடக் கூப்பிட நஞ்சப்பன் உள்ளே போனார். வண்டி கிட்டத்தில் வந்ததும் சென்னியப்பனின் கை என்னவோ பாதியில் நின்றுவிட்டது. அதற்குள் சுவரும் வந்துவிட்டது.

அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். அன்னூர்ப் பக்கம் ஜீப் வைத்திருப்பவர் என்றால் டீக்கடையில் பெஞ்சு காலியாகும். எட்டு வருடத்துக்கு முன் ஈரோட்டுத் தரகர் ஒருவரிடம் அதை வாங்கியிருந்தார். ஆர்.சி. புத்தகத்தில் முதல் சொந்தக்காரரான ஏதோ மலைத் தோட்டத்தின் பெயர்தான் இருந்தது. நடுவில் யார் யார் வைத்திருந்தார்கள் என்று தரகரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தரகர் நேர்ரோட்டில் முன்னால் ஓட்டிக் காட்டினார். பின்னாலும் ஓட்டிக் காட்டச் சொன்னால் அவரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் என்று நஞ்சப்பன் சும்மா இருந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது.

உக்கடத்து மெக்கானிக் யூனுஸ் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அந்தப் பழைய மாடலுக்குச் சாமான் கிடைக்காது, கியர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார். நஞ்சப்பனுக்கு மனசு வரவில்லை. பச்சையாக இருந்த வண்டிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, வீட்டில் ஒருத்தராக வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் வாழ்க்கையே முன்னோக்கித்தான் போயிற்று. வாசல் அகலமான சொந்தக்காரர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போனார். சந்துக்குள் வீடு உள்ளவர்கள், நஞ்சப்பனுக்கு ஜீப் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சொந்தச் சித்தப்பா வீட்டுக்கு அவர் போய் ஆறு வருடமாகியிருந்தது.

ஆனாலும் அந்த வண்டியை அவர் அவ்வளவு நேசித்தார். மழை விட்ட சாயங்காலங்களில் படுதாவைச் சுருட்டிவிட்டு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவருவார். இளவேனில் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாள். காய்ந்த படுதா வாசமும் டீசல் வாசமும் ஈரமண் வாசமும் கலந்து அடிக்கும். ரோட்டில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் கை தூக்குவார்கள். இன்றைக்கு அதே வழியில் கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகின்றன, உள்ளே இருப்பது யாரென்றே தெரிவதில்லை.

அந்த இளவேனிலுக்குத்தான் இந்தச் சம்பந்தம். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லாமல், "ரோட்டுலயே நிறுத்திக்குங்கப்பா" என்று மட்டும் காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெருந்துறைப் பக்கம் மஞ்சள் தோட்டக்காரர்கள், சரியான கறார் பேர்வழிகள், சின்னக் குறை கண்டாலும் எழுந்து போய்விடுவார்கள் என்று கல்யாணத் தரகர் வேறு எச்சரித்திருந்தார். ரிவர்ஸ் விழாத வண்டியை எட்டு வருடமாகக் கட்டி மேய்க்கிற ஆள் என்று தெரிந்தால் பெண்ணை எந்தத் தராசில் வைப்பார்களோ?

ஆனால் சென்னியப்பனிடம் கறாரே இல்லை. கல்யாணத்தை அன்னூரில் வைக்கலாமா என்றதற்குச் சரி என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் பி.எட். படிக்கட்டுமா என்றதற்கும் சரி என்றார். கேட்காததற்கும் இரண்டு தடவை சரி என்றார். நெற்றியை மட்டும் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டி... எங்க வாங்குனீங்க?" என்று பாயசத்தின்போது மெல்லக் கேட்டார்.

ஈரோட்டில் ஒரு தரகரிடம் என்று நஞ்சப்பன் சொன்னதும், சென்னியப்பனின் மனைவி பழனியாத்தாள் இன்னொரு கரண்டி பாயசத்தை இலைக்குப் பக்கத்தில் ஊற்றினாள்.

கிளம்பும் நேரம் வந்தது. நஞ்சப்பன் ஒரு யோசனை வைத்திருந்தார். சாவியைத் திருகுவது போல் பாவனை செய்துவிட்டு, பேட்டரி படுத்துக்கொண்டது, பின்னாலிருந்து நாலு பேர் இழுத்துவிட்டால் போதும் என்றார். ரோடு வரைக்கும் இழுத்துவிட்டால் மானம் தப்பிவிடும்.

"உங்க வண்டிய இழுக்கறதா? வேண்டாமுங்க" என்று சென்னியப்பன் பதறினார். டிராக்டர் ஓட்டும் மாசாணத்தைக் கூப்பிட்டு, டிராக்டர் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார்.

ஜீப்பின் பானெட் லேசில் திறக்காது. எங்கே குத்தினால் திறக்கும் என்று கண்டுபிடிக்க நஞ்சப்பனுக்கே ஒரு வருடம் ஆகியிருந்தது. மாசாணம் வந்து இடது ஓரத்தில் ஒரே குத்துதான் விட்டார், திறந்துகொண்டது. டிராக்டர்காரனுக்குக் கைராசி என்று நஞ்சப்பன் வியந்தார். நல்ல பேட்டரி கழன்று நல்ல பேட்டரி ஏறியது. எஞ்சின் உறுமியது. வீடே வாசலில் நின்று கையசைக்கத் தயாராக இருந்தது.

இனிச் சொல்லச் சாக்கு இல்லை. பூவாத்தாள் அவர் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்த வலியில் அடுத்த யோசனை பிறந்தது.

"வந்தது வந்தோம், அப்படியே தோட்டத்தையும் ஒரு பார்வை பாத்துப்போட்டுப் போயிரலாமுங்க. நீங்களும் ஏறுங்க. நம்ம வண்டி எங்க வேணா போகும்."

"தெரியுமுங்க" என்ற சென்னியப்பன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "சொல்லிக் கேட்டிருக்கறேனுங்க" என்று மாற்றினார். தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டார்.

நஞ்சப்பன் ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தார். வண்டி சுவரை உரசித் திரும்பி, வைக்கோல் போரில் பாதியைச் சரித்து, கொடிக் கயிற்றை அறுத்துக்கொண்டு கொல்லைக்குள் நுழைந்தது. சென்னியப்பனின் வேட்டி ஒன்று பானெட் மேல் விரிந்து கூடவே வந்தது. எதிரே மஞ்சள் தோட்டம் ஆள் இடுப்பு உயரத்துக்கு நின்றது. நடுவில் ஒரு பட்டையில் மட்டும் பயிர் சவலையாக, முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அதிலேயே வண்டியை விட்டார்.

மஞ்சள் செடி நசுங்கி வாசம் கிளம்பியது. கீழே மண் ரோடு மாதிரி இறுகிக் கிடந்ததால் சக்கரம் புதையவே இல்லை.

"பயிர் வீணாகுதுங்களே" என்று பூவாத்தாள் தாங்க முடியாமல் சொன்னாள்.

"பரவாயில்லீங்கம்மணி, நம்ம தோட்டந்தானே" என்றார் சென்னியப்பன், கண்ணை மூடிக்கொண்டு.

எங்காவது அரைவட்டம் அடிக்க இடம் கிடைக்கும் என்று நஞ்சப்பன் எட்டி எட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால், மறுபக்கம் கிணறு, எதிரே கோவைக்கொடி பின்னிக்கிடந்த வேலி. வண்டி நின்றது. முதலில் வாசலில் மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது சம்பந்தியோடும் சம்பந்தியின் வேட்டியோடும் மஞ்சள் காட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்.

பின்னால் மாசாணம் நடந்து வந்துகொண்டிருந்தார். நஞ்சப்பன் எஞ்சினை அணைத்தார். மகள் காலையில் வாசலில் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. இவ்வளவு நல்ல மனுசரிடம் இதற்குமேல் நடிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சம்பந்தி, ஒண்ண மறைச்சுப்போட்டேனுங்க. பேட்டரியில ஒரு கோளாறும் இல்லீங்க. இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. வாங்குன நாள்ல இருந்தே கிடையாது. எந்தப் புண்ணியவான் தரகர்கிட்டச் சொல்லாமத் தள்ளிவுட்டானோ தெரியல. இத வெச்சு எங்க புள்ளய எடை போட்றாதீங்க. அவளுக்கு உங்க பையனப் புடிச்சிருக்குதுங்க."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, கதவோரத்துக் கம்பியைப் பழகிய கையால் தடவினார். சம்பந்தம் முறிந்தது என்று பூவாத்தாள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

அதற்குள் மாசாணம் வந்து சேர்ந்தார். நசுங்கிய பட்டையைத் திரும்பிப் பார்த்தார், முதலாளி முகத்தைப் பார்த்தார், இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார்:

"அந்தக் கோவக்கொடிய இழுத்துப்போட்டா பின்னால கேட்டு இருக்குதுங்க, இந்த வண்டி நம்முளுதா இருந்தப்ப, ரிவர்ஸ் உழுகாதுன்னுதானுங்க எங்க முதலாளி அத வெச்சாரு."