கஹ்லாவை நான் யாருக்கும் கொடுக்காத கதை

ஸஃபாவி,
சனிக்கிழமை.

என் வீட்டுக்காரியின் தம்பி என்கிற ஒரே காரணத்தால் இன்றுவரை என் அன்புக்குரியவனாக இருக்கும் ஃபவ்வாஸுக்கு,

உன் அக்காள் புருஷன் முத்லக் எழுதிக்கொண்டது. ஸலாம். இறைவன் கருணையால் இங்கே நான், உன் அக்கா வத்ஹா, ஆடுகள், நம் வேட்டைக்காரி ஹபூப், ஹபூபின் கடைசிக் குட்டி கஹ்லா யாவரும் சுகம். அங்கே அம்மான் பட்டணத்தில் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய். நான் போன் போடும்போதெல்லாம் கட் பண்ண உன் விரலில் நல்ல தெம்பு இருக்கிறது. அதனால்தான் கடிதம். பஸ் டிரைவர் ஹாயிலின் கையில் கொடுத்தனுப்புகிறேன், இதைக் கட் பண்ண முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டேன். கஹ்லாவைக் கேட்கச் சொல்லி நீ சிபாரிசு செய்து அனுப்பிய ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டார்கள், அதுவும் எனக்கு நன்றி சொல்லிவிட்டு. உன் மேலதிகாரி ஷௌகத் பாஷா உட்பட. அவர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. கஹ்லா கூடாரத் திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், உன் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறாள்.

ஹபூபுக்கு வயதாகிவிட்டது, இனி ஈன மாட்டாள். மற்ற குட்டிகள் சொந்தபந்தங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கஹ்லாவை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். ஹபூப் படுக்கும் இடம் ஒருநாள் காலியாகும், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. இது உனக்குப் புரிய வேண்டும், ஆனால் நீ பட்டணத்துக்குப் போனவன், உனக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முயலை விரட்டிப் பிடிக்கும் ஸலூகிச் சாதியை நம் ஆட்கள் விற்பதில்லை, கொடுப்பதுதான் வழக்கம். விற்கிற பொருளாக இருந்தால் எட்டாத விலை சொல்லி அனுப்பிவிடலாம். வந்தவனோ விருந்தாளி, முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆகவே, வேண்டாம் என்கிற வார்த்தை அவன் வாயிலிருந்தே வர வேண்டும். அந்த வித்தையில் என்னை மிஞ்ச இந்தப் பாலைவனத்தில் ஆள் கிடையாது.

முதலில் நீ அனுப்பினாயே, அந்த கான்ட்ராக்டர். வெள்ளைக் காரில் வந்து இறங்கி, "காருக்குத் தோதா வெள்ளையில ஒண்ணு இருக்கா?" என்றார். நான் அவரை உட்காரவைத்து, உபசாரம் எல்லாம் செய்து, "உங்க வீட்டு சோபா எவ்வளவு பெருசுங்க?" என்று கேட்டேன். "எதுக்கு?" "இவ படுக்க. உங்க கட்டில்னாலும் சரிதான், ஆனா நடுவுல படுப்பா. வீட்டம்மா ஓரமா ஒதுங்கிக்குவாங்கல்ல?" மனிதர் கொஞ்ச நேரம் கஹ்லாவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்து வந்த பல் டாக்டர் இன்னும் சுலபம். வந்ததும் வராததுமாக, "இந்த நாய் என்ன சாப்பிடும்?" என்றார். கூடாரத்துக்குள் நம்மோடு படுக்கும் ஸலூகியைப் பார்த்து, ஏதோ காவலுக்குக் கட்டிப்போட்டது போல நாய் என்கிறவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? கோபப்படவில்லை, சத்தியமாகக் கோபப்படவில்லை. "ஓ, நாய் வேணுமா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆட்டுக்குக் காவல் நிற்கும் நம் அப்ரஷைக் காட்டி, "எடுத்துக்கிட்டுப் போங்க, உங்களுக்கு இல்லாததா" என்றேன். அப்ரஷ் பல்லைக் காட்டியது. அத்தனை பெரிய பல்லை அவர் தொழிலில் பார்த்திருக்க மாட்டார் போல, மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார்.

இதெல்லாம் சில்லறை ஆபத்து. பெரிய ஆபத்து காப்பி. ஒருத்தன் மனதில் ஒரு வேண்டுதலை வைத்துக்கொண்டு வந்து, நாம் ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டால் தீர்ந்தது. கேட்டதைக் கொடுக்கிறேன் என்று சொன்னால்தான் அவன் குடிப்பான். குடிக்காமல் எழுந்து போனால் நாம் தலைகாட்ட முடியாது. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? காப்பி காய்ச்சும் பித்தளைக் கூஜாவைத் தூக்கித் திரைக்கு அந்தப் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, வருகிறவனுக்கெல்லாம் டீ கொடுத்தேன். டீக்கு அந்தச் சட்டம் இல்லை. ஊரே சிரித்தது. சித்தப்பா வந்து, "ஏண்டா, நொடிச்சுப் போயிட்டியா?" என்று கேட்டார். "டாக்டர் காப்பி கூடாதுன்னுட்டார் சித்தப்பா" என்றேன். "உனக்குத்தானே கூடாதுன்னார், எனக்குமா?" என்றார். என் கூடாரத்தில் காப்பி மணம் இல்லை என்று ஊர் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றால், அந்தக் குட்டிமேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இன்று மதியம் உன் பாஷா வந்தார், மனைவி லமீஸையும் கூட்டிக்கொண்டு. அந்தம்மா பெண்கள் பக்கம் போனார், பாஷா என்னோடு உட்கார்ந்தார். சொன்னால் நம்ப மாட்டாய், மனிதர் எல்லாப் பரீட்சையிலும் தேறிவிட்டார். ஸலூகி என்றார், நாய் என்று வாய் தவறிக்கூட வரவில்லை. ஹபூபின் தாய்வழி எது என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து அவளுக்குச் சட்டைக் கையை மோந்து பார்க்கக் கொடுத்தார், மோந்த கையைத் துடைக்கவும் இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது. டீயை நீட்டினேன். பாஷா சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, டிரைவரை விட்டுக் காரிலிருந்து ஒரு பிளாஸ்க்கை வரவழைத்தார். உள்ளே காப்பி. என் வீட்டில் காப்பி இல்லை என்பது அம்மான்வரை போயிருக்கிறது, யார் மூலமாகப் போனது என்று உன்னை நான் கேட்கப் போவதில்லை. தன் கையாலேயே எனக்கு ஊற்றினார், பிறகு தனக்கு. அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஆண்டவன் எனக்கு ஒரு புத்தியைக் கொடுத்தான். காப்பி அவருடையது. ஊற்றியது அவர். அப்படியென்றால் இப்போது விருந்தாளி யார்? என் கிண்ணத்தை நான் முந்திக்கொண்டு கீழே வைத்தேன்.

"ஏம்ப்பா முத்லக், ஆறிடப் போவுது" என்றார்.

"ஆறட்டும் பாஷா. எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு."

அவரும் நல்ல குடும்பத்துப் பிள்ளை, வேறென்ன சொல்வார்? "குடி. கேட்டது கெடைச்ச மாதிரிதான்."

"கஹ்லாவை நீங்க கேக்கக் கூடாது."

அவர் கிண்ணம் பாதி வழியில் நின்றது. பிறகு அப்படி ஒரு சிரிப்பு. "என் காப்பியிலயே என்னை மடக்கிட்டியேடா" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் ஒரே மடக்கில் குடித்தேன். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறை சொல்வதற்கில்லை. சொன்ன சொல் மாறாமல் அதற்குப் பிறகு குட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லமீஸம்மா சால்வையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்தபடி வந்து காரில் ஏறினார். பட்டணத்துக்காரர்களுக்கு வெயிலிலும் குளிரும் போல. உன் அக்கா என்றும் இல்லாத வழக்கமாகக் கார்வரைக்கும் போய் வழியனுப்பினாள்.

ஆகவே ஃபவ்வாஸ், இதை நன்றாகக் காதில் போட்டுக்கொள். இனி சிபாரிசு என்று யாரையும் இங்கே அனுப்பாதே. ஸலூகிக் குட்டி கிடைக்கத் தகுதி வேண்டும். சிபாரிசு பிடிக்கிறவன் தகுதியில்லாதவன், சிபாரிசு செய்கிறவன் அவனைவிட மோசம். உனக்கும் உன் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும், உன் ஆடு மாடுகளுக்கு, அவை இல்லாததால் உன் காருக்கு, நல்ல ஓட்டமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தோல்வி என்றால் என்னவென்று தெரியாத
முத்லக்

பி.கு.: ஹாயில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வெளியே ஹாரன் அடிக்கிறான், அவசரமாக எழுதுகிறேன். அவனிடம் கஹ்லாவைக் காட்டலாம் என்று திரையை விலக்கினேன். அவள் இல்லை. கூஜா சூடாக இருந்தது. உன் அக்கா சொல்கிறாள், "ஒளிச்சு வைக்க என் பக்கம்தானே உங்களுக்குக் கெடைச்சுது? கூஜா கையில இருக்கறப்ப வந்தவங்களுக்கு ஊத்தாம இருப்பேனா? அந்தப் பொண்ணு கஹ்லாவைக் கேட்டுக் கிண்ணத்தைக் கீழ வெச்சுது. குடிம்மா, குடுத்தாச்சுன்னேன்." லமீஸம்மாவின் வளையலைக் கஹ்லா கடித்துக்கொண்டே மடியில் தூங்கிப்போனாளாம், எழுப்ப மனமில்லாமல் அந்தம்மா கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தாராம். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. கஹ்லா பெரியவளாகி ஈன்றால் ஒரு குட்டி எங்களுக்கு வேண்டும் என்று வத்ஹா கேட்டிருக்கிறாள். அதற்கு அந்தம்மா, "கண்டிப்பா. ஆனா வீட்டை ஒருதரம் நல்லா விசாரிச்சுட்டுத்தான் குடுப்போம். விருந்தாளிக்கே அந்தப் பக்கம் வெறும் டீதானாமே, குட்டிக்கு ஒழுங்காச் சோறு வைப்பாரா?" என்றாராம்.

மச்சான், நீ நாளைக்கு ஆபீஸ் போனதும் பாஷாவிடம் என்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தை சிபாரிசு செய்து வை. கூஜாவை நான் ஆண்கள் பக்கமே கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்பதையும் மறக்காமல் சொல்.