லைனப்பரும் நாலாம் இடத்து ஆனையும்

வாக்கெடுப்பில் தோற்ற பிரேரணையை அதே ஆண்டில் மீண்டும் கொண்டுவரக் கூடாது. இது எங்கள் கட்டடத்து முதியோர் சங்க யாப்பின் பன்னிரண்டாம் விதி. அதில் ஓட்டை எதுவும் இல்லை, எழுதியவன் சங்கச் செயலாளரான நான். அந்த விதியை லைனப்பரைப் போல ஒரே கோடையில் அத்தனை தடவை மீறிய மனிதர் ஒன்ராறியோ மாகாணத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. இந்த ஊரில் பனிக்கும் ஒரு முடிவு உண்டு, வீதி திருத்தும் வேலைக்கும் என்றோ ஒருநாள் முடிவு உண்டு. லைனப்பரின் பிரேரணைக்கு மட்டும் கிடையாது.

புதிதாகக் குடிவருபவர்கள் லைனப்பர் என்பதைக் கந்தப்பர், வேலப்பர் போல வீட்டில் வைத்த பெயர் என்றே நினைப்பார்கள். அப்படியில்லை. பேஸ்போலில் ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக மட்டை பிடிக்கும் வரிசைக்கு லைனப் என்று பெயர். மனிதர் அதைத் தவிர வேறொன்றும் பேசாததால் அதுவே அவருக்கும் பெயராகி, மரியாதைக்கு ஒரு 'அர்' சேர்ந்துகொண்டது.

ஊரில் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் முந்திப் போவது, எது பிந்திப் போவது என்று தீர்மானித்தே தலை நரைத்தவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் அவர் சொல்கேட்டுப் புறப்பட ஒரு பஸ்ஸும் இல்லை. அந்தக் குறையை ஒன்பது விளையாட்டுக்காரர் தீர்த்துவைத்தார்கள். மட்டையைக் கையால் தொட்டிராத ஒருவர் இவ்வளவு தீர்ப்புச் சொல்லலாமா என்று ஒருமுறை கேட்டேன். "பஸ் ஓடத் தெரிஞ்சோ செக்ரட்டரி நான் டைம்கீப்பரா இருந்தனான்?" என்றார். நான் பல அலுவலகங்களில் வேலை பார்த்தவன். அந்தக் கேள்விக்கு அங்கெல்லாம் யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை உண்டு. கண்ணாடிக் கதவு, அதன் பக்கத்திலேயே பெரிய தொலைக்காட்சி, எதிரே கதிரைகள். கோடை மாலைகளில் அங்கே கூடி, எங்கள் நகரத்து அணி தோற்பதைப் பார்ப்போம். அந்த வருடம் அணி தோற்பதை ஒரு கடமையாகவே செய்துவந்தது.

பெரிய அடிகாரருக்கு என்றே ஒதுக்கிய நாலாம் இடத்தில் மட்டை பிடித்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆனை. நல்ல உயரம், அதைவிட நல்ல சம்பளம். ஆனால் அந்த வருடம் அவருடைய மட்டை காற்றைத்தான் அதிகம் அடித்தது. ஒன்பதாம் இடத்தில் வந்த சின்ன மனிதர் சுண்டெலி. எப்படியோ ஓடி ஒளிந்து ஒரு பேஸை, அதாவது ஓடுபவர் ஆட்டமிழக்காமல் தரித்து நிற்கும் மூலைகளில் ஒன்றை, பிடித்துவிடுவார். லைனப்பரின் பிரேரணை இதுதான்: சுண்டெலி முதலாம் இடத்துக்கு வரவேண்டும், ஆனை ஒன்பதாம் இடத்துக்குப் போகவேண்டும்.

எதிர்த்தவர் ஹாஜியார். யாழ்ப்பாணத்திலும் பிறகு புத்தளத்திலும் தையற்கடை வைத்திருந்தவர். குரலை உயர்த்தமாட்டார். "ஒரு மனுசனுக்குக் கெட்ட காலம் வரும். அதுக்காக இடத்தைப் பறிச்சால் அவன் எங்கயிருந்து திரும்பி வாறது?" என்று மட்டும் கேட்டார். வாக்கெடுப்பில் ஹாஜியார் பக்கம் வென்றது. விடயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் மாலை லைனப்பர் அதே பிரேரணையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டாம் விதியை நான் நினைவூட்டியபோது, இது புதியது, இதில் எட்டாமவரையும் ஏழாமவரையும் இடம் மாற்றியிருக்கிறேன் என்றார். அதற்கடுத்த நாள் ஆறாமவர். ஒன்பது பேரை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்வார் போலிருந்தது.

இந்த நோய் விளையாட்டோடு நின்றதா என்றால், இல்லை. கட்டடத்தில் ஒருவர் காலமானபோது அஞ்சலி உரைக்கு வழக்கம்போல ஒரு பெரிய கூட்டமே பெயர் கொடுத்திருந்தது. நான் முறைப்படி, வயது மூப்பைப் பார்த்து, எங்கள் கட்டடத்துப் பேராசிரியரை முதலாவதாக வைத்து ஒழுங்கு செய்திருந்தேன். மண்டப வாசலில் லைனப்பர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"செக்ரட்டரி, பேராசிரியரை முதலாவதா இறக்காதேங்கோ. அவர் நீட்டி விளாசுற ஆள். கட்டையாப் பேசுற மூண்டு பேரை விட்டு முதல்ல பேஸில ஏத்துங்கோ. நாலாவதா அவரை விடலாம்."

செத்தவீட்டில் இது என்ன கதை என்று அதட்டிவிட்டு உள்ளே போனேன். பேராசிரியர் முதலாவதாகப் பேசினார். காலமானவரைப் பற்றித் தொடங்கி, தன் ஆராய்ச்சி ஒன்றின் சுருக்கத்தையும் சொல்லி முடித்தபோது, மண்டபத்தில் பாதிப்பேர் கார் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். லைனப்பர் தூரத்திலிருந்து எனக்கு ஒன்பது விரலைக் காட்டினார். அன்றோடு பேராசிரியரையும் தரமிறக்கிவிட்டார்.

ஜூலை மாத வெக்கையில் ஒருநாள் மாலைதான் எல்லாம் கெட்டது. மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். ஆனை மட்டையோடு வருகிறார். ஒரு நல்ல அடி விழுந்தால் நாலு ஓட்டம். ஹாஜியார் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து லைனப்பர் எழுந்து, ரிமோட்டை எடுத்து, தொலைக்காட்சியை அணைத்தார்.

"உவன் மூண்டு தரம் காத்துக்கு விசிறிப்போட்டுப் போகப்போறான். அதைப் பார்த்து ஆருக்கு என்ன பிரயோசனம்? இருக்கிற நேரத்தில ஒரு வாக்கெடுப்பு வைப்பம்."

வாக்கெடுப்புக்கு முன்னறிவித்தல் தேவை என்று நான் விதியைச் சொல்லத் தொடங்கினேன். உபவிதிக்கு வருவதற்குள் மேல்மாடியில் ஒரு சத்தம் கேட்டது. பிறகு அதற்கு மேல் மாடியில். பிறகு கட்டடம் முழுவதும். மறுபடி தொலைக்காட்சியைப் போட்டபோது, ஆனை பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு, எல்லாப் பேஸையும் மிதித்துவிட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அந்த அடியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். ஹாஜியார் பார்க்கவில்லை. "நடந்து முடிஞ்சதைப் பார்க்கவோ நான் இவ்வளவு நாளும் இதில இருந்தனான்?" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அதன்பின் அவர் லைனப்பரோடு பேசவில்லை. லிஃப்ட்டில் லைனப்பர் நின்றால் அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருப்பார்.

நான் செய்யவேண்டியதைச் செய்தேன். ஏன் அணைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு லைனப்பருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். விளக்கம் வரும்வரை பொது அறைக்குள் வரக்கூடாது என்பது விதி. அவர் வாசித்துவிட்டு மடித்து பொக்கற்றில் வைத்தார்.

"என்ன விளக்கம்? என்ர கணிப்புச் சரி. பந்துதான் பிழையாப் போனது."

மறுநாள் ஹாஜியார் அறைக்குத் திரும்பி வந்தார். லைனப்பரும் வந்தார், கண்ணாடிக் கதவுவரை. விதி 'அறைக்குள்' என்றுதான் சொல்கிறது. நடைபாதை சங்கத்துக்குச் சொந்தமில்லை. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். எழுதியவன்மேல் எரிச்சலாக இருந்தது.

அவர் காதில் ஒரு சின்ன வானொலி. தொலைக்காட்சியைவிட வானொலியில் ஆட்டம் ஏழெட்டு விநாடி முந்தி வரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. கண்ணாடிக்கு வெளியே அவருடைய உதடு பிதுங்கும். பிறகு உள்ளே திரையில் எங்கள் ஆள் ஆட்டமிழப்பார். புருவம் ஏறினால் ஒருவர் பேஸைப் பிடித்துவிட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டால் அணியின் மனேஜர் ஏதோ செய்துவிட்டார். ஒரு கிழமைக்குள் அறையிலிருந்தவர்கள் தொலைக்காட்சியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பந்து வீசப்படுமுன்பே பெருமூச்சு விட்டார்கள்.

"செக்ரட்டரி, அந்தாளுக்கு ஒரு முகமூடி வாங்கிக் குடுங்கோ," என்றார் ஹாஜியார். "அந்தாளின்ர மூஞ்சையில மட்ச் பார்க்க நான் இஞ்ச வரேல்லை."

கதவுக்குத் திரை போடலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டேன். தீயணைப்பு விதி இடம்கொடாதாம். நல்ல விதி, இலக்கத்தோடு குறித்துக்கொண்டேன்.

நடைபாதையில் லைனப்பரைக் காணும்போதெல்லாம் விளக்கம் எங்கே என்று கேட்பேன். யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார். பிறகு, ஹாஜியார் இன்றைக்கு என்ன சொன்னார், முழங்கால் நோ எப்படியாம் என்று விசாரிப்பார். ஒருநாள் நான் பொறுமையிழந்து, நாலு வரி எழுதித் தந்தால் உள்ளே வந்து இருக்கலாமே, ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எழுதித் தரலாம்," என்றார். "எழுதினால் அந்தாள் கதைக்குமோ?"

செப்டெம்பரும் முடியப்போனது. பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றாலும் தோற்றாலும் எங்கள் அணிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேஸில் ஒருவரும் இல்லை. நாலாம் இடத்தில் அதே ஆனை வருகிறார். ஹாஜியார் மறுபடி கதிரையின் நுனியில். மற்றவர்கள் வழக்கம்போலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லைனப்பரின் புருவம் மேலே கிளம்பியது. கண் விரிந்தது. வாய் திறக்கப்போனது. அப்போது அவர் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எதிர்ச்சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பார்க்க முகம் இல்லாததால் எல்லோரும் திரையைப் பார்த்தோம். பந்து வந்தது. ஆனை மட்டையை வீசினார். பந்து மேலே, இன்னும் மேலே போய், பார்க்க வந்த சனத்துக்கு நடுவே எங்கோ விழுந்தது. முதலில் எழும்பிக் கத்தியவர் ஹாஜியார். குரலை உயர்த்தாத மனிதர் அவர்.

கத்தி முடித்துவிட்டு நடைபாதைப் பக்கம் திரும்பினார். லைனப்பர் இன்னும் சுவரோடுதான் நின்றார். ஹாஜியார் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு போய்க் கதவைத் திறந்தார்.

"உள்ளுக்கு வாரும் காணும்," என்றார். "அவன் நாலில நிண்டுதான் அடிச்சவன். அதை மட்டும் ஒத்துக்கொள்ளும்."

"அது ஏலாது," என்றபடி லைனப்பர் உள்ளே வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "ஒன்பதில விட்டிருந்தால் பேஸில ரெண்டு பேராவது நிண்டிருப்பாங்கள்."

இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் விதியைச் சொல்ல வாயெடுத்த நான் தேத்தண்ணி போடப் போனேன்.

எனக்கு வரவேண்டிய நாலு வரியை லைனப்பர் இன்றுவரை எழுதித் தரவில்லை. ஆனால் கோப்பைத் திறந்துவைத்திருப்பது என் வழக்கமில்லை. கடிதத்தின் பிரதியின் கீழ் நானே குறித்துவைத்தேன்: விளக்கம் கிடைத்தது, பூரண திருப்தி. கிடைத்த திகதி, செப்டெம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.