பாதி விலையில் ஒரு நன்றி

அழைப்பு மணி விடாமல் அலறியது. அரை மணி நேரம் தோளில் போட்டு ஆட்டித் தூங்கவைத்த இருபது நாள் குழந்தையும் போட்டிக்கு அலற ஆரம்பித்தது.

ராத்திப் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். கட்டடக் காவலாளி பயூமி முழங்கையால் மணியை அழுத்திக்கொண்டு நின்றார். இரண்டு கையிலும் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு தட்டு. தட்டு நிறைய சோறு, சோற்றின் மேல் தயிரில் வெந்த ஆட்டுக்கறி, அதற்கும் மேலே வறுத்த பாதாம்.

"கீழ் வீட்டு அபூ மிஷால் குடுத்தாரு, உஸ்தாத். பிள்ளை பெத்த தங்கச்சி நல்லா சாப்பிடணுமாம். மிச்சம் வைக்கக் கூடாதாம்."

"எதுக்குங்க இவ்ளோ?"

பயூமி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "குடுத்தாரு, கொண்டாந்தேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

ராத்திப்புக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டான். "நுஹா, பார்த்தியா! நேத்து அனுப்பின கிஃப்ட் கார்டுக்கு இன்னிக்கே மரியாதை வந்தாச்சு!"

அபூ மிஷாலுக்கு அவன் எவ்வளவு செய்தாலும் தகும். பிரசவ வலி எடுத்த அன்று அவன் ஆபீஸ் வேலையாகத் தூரத்து அக்கபா துறைமுகத்தில் இருந்தான். அம்மான் நகரத்தின் மதிய நெரிசலில் ஒரு டாக்ஸியும் நிற்கவில்லை. அபூ மிஷால்தான் தன் காஸ் வண்டியிலிருந்த சிலிண்டர்களை நடைபாதையில் உருட்டிவிட்டு, நுஹாவை முன்சீட்டில் ஏற்றினார். ஹாரன் வேலை செய்யாததால், காஸ் விற்கும் பாட்டை அலறவிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழியெல்லாம் ஜனங்கள் காலி சிலிண்டரோடு ஓடி வந்தார்களாம். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டாக்டர்.

ராத்திப் ஊர் திரும்பியதும் ஒரு கவரில் பணத்தைப் போட்டு நீட்டினான். அபூ மிஷால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சத்தியம் செய்தார். "இந்தக் காசு என் கையில பட்டுச்சுன்னா, என் பொண்டாட்டிக்கு மூணு தலாக்!"

"ஐயோ தம்பி, குடுத்துடாதே!" என்று சமையலறையிலிருந்து உம்மு மிஷால் கத்தினாள். "இந்த வயசுல நான் எங்கே போவேன்!"

அதற்கப்புறம்தான் ராத்திப் கிஃப்ட் கார்டைப் பற்றி யோசித்தான். கார்டு காசு இல்லை. சத்தியமும் நிற்கும், உம்மு மிஷாலும் வீட்டில் இருப்பாள். அவள் கையால் துணி துவைக்கிறவள். வீட்டுச் சாமான் கடை ஒன்றின் இருநூறு தினார் கார்டை வாங்கி, அதன் எண்ணைப் போனில் அனுப்பிவிட்டான்.

நுஹா கறியைக் கடித்தபடியே கேட்டாள். "இருநூறு தினாருக்கு உங்களுக்கு ஏது பணம்?"

"நூறுதான். ஆன்லைன்ல ஒருத்தன் பாதி விலைக்கு வித்தான். அவனுக்குப் பரிசா வந்ததாம், தேவைப்படலையாம்."

அவள் கறியைக் கீழே வைத்தாள். "உசுரைக் காப்பாத்தினவருக்குத் தள்ளுபடியில நன்றியா? அதுல பணம் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"உனக்கு எப்பவும் சந்தேகம்" என்று சொல்லிக்கொண்டே அவன் கடைக்குப் போன் போட்டான்.

"அந்தக் கார்டு நேத்து பத்தரைக்கே செலவாயிடுச்சு சார்" என்றாள் ஒரு பெண். "இர்பித் கிளையில ஒருத்தர் டீவி வாங்கிட்டுப் போயிருக்காரு."

"நான் வாங்கினதே பத்து மணிக்கும்மா!"

"வித்தவங்களே நம்பரை வச்சிருந்து எடுத்துடுவாங்க சார். எங்ககிட்ட வாங்கியிருந்தீங்கன்னா ஏதாவது செய்யலாம்."

நடக்கப்போவது ராத்திப்பின் கண்ணில் ஓடியது. அபூ மிஷால் மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவார். ஒரு வாஷிங் மெஷினைத் தொட்டுக் காட்டுவார். கல்லாவில், வரிசையில் நிற்கும் இருபது பேருக்கு முன்னால், 'இதில் ஒன்றும் இல்லை' என்று போனைத் திருப்பித் தருவார்கள். உயிரைக் காப்பாற்றியவருக்கு அவமானம் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே!

உடனே கீழே போன் செய்தான். "அண்ணே, கடைக்குப் போனீங்களா?"

"கடையா? இல்லையே! இல்லவே இல்லை!" அபூ மிஷால் அவசரமாகச் சொன்னார். "அதுக்கென்ன தம்பி இப்ப? நீங்க சாப்பிட்டீங்களா? வயிறு நிறைஞ்சுதா? அதைச் சொல்லு முதல்ல."

இன்னும் போகவில்லை! ராத்திப்புக்கு மூச்சு வந்தது. விற்றவனைப் போனில் பிடித்தான். அவன் தேனாகப் பேசினான். "சிஸ்டம் கோளாறு சகோதரா. முப்பது தினார் அனுப்பு, புது நம்பர் தர்றேன்."

ராத்திப் அனுப்பினான். எண் வந்தது. வந்த சூட்டோடு அதைக் கீழ் வீட்டுக்குத் தள்ளிவிட்டான். 'அண்ணே, பழசை விட்டுடுங்க. இது புதுசு.'

அதற்கு அபூ மிஷால் ஒரு குரல்பதிவு அனுப்பினார். "இன்னொண்ணா? ஏம்ப்பா? ஏம்ப்பா உனக்கு இந்த வேலை? வேண்டாம்ப்பா!" குரல் கரகரத்தது.

"எவ்ளோ நெகிழ்ந்துட்டாரு பாரு" என்றான் ராத்திப்.

நுஹா போனைப் பிடுங்கி எண்ணைச் சரிபார்த்தாள். "இது கடை கார்டே இல்லை. ஏதோ போன் விளையாட்டுக்கு. பத்தாயிரம் ரத்தினம், ஒரு நெருப்பு வாள். அபூ மிஷால் வாளைச் சுழட்டிக்கிட்டே காஸ் விப்பாரா?"

ராத்திப் விற்றவனைத் தேடினான். அவனுடைய ஆன்லைன் பக்கமே காணாமல் போயிருந்தது.

தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. நுஹா இரண்டு கிலோ கினாஃபா இனிப்பு வாங்கி வைத்து அனுப்பினாள். மறுநாள் மணி அலறியபோது, அதே தட்டில் வயிற்றுக்குள் சோறு அடைத்த முழு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. கூடவே ஒரு டின் நெய், ஒரு மூட்டை பருப்பு.

"ஒரு கார்டுக்குச் சோறு, ரெண்டாவது கார்டுக்கு முழு ஆடு!" ராத்திப் தலையில் கை வைத்தான். "நாம ஏமாத்த ஏமாத்த அவர் அள்ளிக் கொட்டறாரே நுஹா. எனக்கு வெக்கமா இருக்கு."

"வெக்கமா இருந்தா முழு விலை குடுத்து வாங்குங்க."

அவள் சொன்னதுதான் சரி. ராத்திப் ஆபீஸில் சம்பள முன்பணம் வாங்கினான். நேராகக் கடைக்குப் போய், பேரம் பேசாமல், தள்ளுபடி இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல், இருநூற்றைம்பது தினாருக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் கீழ் வீட்டில் இறக்கச் சொன்னான்.

பிறகு போன் செய்தான். "அண்ணே, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு அந்தக் கார்டை வச்சு நானே வாங்கிட்டேன். இனிமே நீங்க கடைப்பக்கமே போக வேண்டாம்."

அபூ மிஷால் கேட்டதையே திருப்பிக் கேட்டார்.

"அந்தக் கார்டை வச்சா?"

"அதே கார்டுதாண்ணே!"

"தம்பி... நீ மனுஷனே இல்லை, தங்கம்" என்றார் அபூ மிஷால். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

ராத்திப் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஆடினான். "தப்பிச்சோம் நுஹா! அவருக்கு ஒண்ணும் தெரியாது. கடன் தீர்ந்தது, மானமும் பிழைச்சது!"

மறுநாள் காலை மணி அடிக்கவில்லை. மாடிப்படியிலிருந்து 'மே' என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் இன்னொரு 'மே', கதவுக்கு மிக அருகில்.

ராத்திப் கதவைத் திறந்தான். பயூமி வேர்க்க விறுவிறுக்க நின்றார். அவர் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், உயிரோடு, கொழுத்த செம்மறி ஆடு ஒன்று ராத்திப்பின் செருப்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"பயூமி, போதும்! கொண்டுபோங்க!" ராத்திப் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "அபூ மிஷால்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் குடுத்தது வெறும் கார்டு. ஒரு கார்டுக்கு யாராவது உசுரோட ஆடு அனுப்புவாங்களா?"

பயூமி கயிற்றை அவன் கையில் திணித்தார். படிக்கட்டில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கார்டு முதல் நாள் சாயந்திரமே கடையில செல்லலை, உஸ்தாத். அபூ மிஷால்தான், 'பாவம், காசை எவன்கிட்டயோ குடுத்து ஏமாந்திருக்கான், பிள்ளை பெத்தவ வீட்டுல அடுப்பு எரியுதோ என்னவோ, அவனுக்குத் தெரியாம வயித்தை நிரப்புங்க'ன்னு சொன்னாரு, அதுலேருந்துதான் தட்டு வருது. இப்ப செல்லாத கார்டுல மெஷின் எப்படி வரும், நீங்க கடன் வாங்கித்தான் வாங்கியிருப்பீங்கன்னு புரிஞ்சதும் ஆட்டையே அனுப்பிட்டாரு!"