செவ்வாய் பிற்பகல் நான்கு மணிக்கு என் தகனம்

ஏ-ஃபோர் அண்ணனைப் போல் மரியாதையாக மனிதரைக் கொல்பவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. முன்கூட்டியே வந்து அனுமதி கேட்பார்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அவருடைய கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, லெமினேட்டிங், மரண அறிவித்தல் அச்சடிப்பு. எந்தத் தாளைக் கொடுத்தாலும் "ஏ-ஃபோர்தானே?" என்று கேட்பதால் அந்தப் பெயர். கடைநேரம் போக, ஒன்பது வருடங்களாக ஒரு துப்பறியும் நாவல் எழுதிவந்தார்.

கதை இதுதான். இணையத்தின் மறைவான பகுதியில் ஒருவன், உயிரோடிருப்பவர்களின் மரண அறிவித்தல்களைப் போடுகிறான். அதில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் தகனம் நடந்துவிடுகிறது. கப்பல்துறை ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் அவனைத் தேடுகிறார்.

மறைவான இணையம் என்றால் என்ன என்று கேட்டேன். "எங்கட துறைமுகம் மாதிரி, சேர். மேலால பார்த்தா அமைதி. அடியில என்ன கிடக்கெண்டு ஆருக்கும் தெரியாது," என்றார். அவர் அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. கொலை அத்தியாயங்களைத் தட்டெழுதும்போது, அங்கே இருப்பவர்கள் கண்டுவிடுவார்கள் என்று இணைய வயரையே கழற்றிவிடுவார்.

நாவலில் சாவதற்கு ஆட்களை எங்கள் வீதியிலேயே எடுத்தார். எல்லோருடைய அடையாள அட்டையும் படமும் அவருடைய கணினியில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் நிஜமான அறிவித்தல் போலவே ஒன்று அச்சடித்துப் பார்த்த பின்புதான் எழுதத் தொடங்குவார். சலூன்காரர், சவரக்கத்தியால் மட்டும் வேண்டாம், தொழில் படுத்துவிடும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பிறகு, நாவலில் நான்காவதாகக் குளியலறையில் வழுக்கிச் செத்த தபால்காரர், அதே கிழமை உண்மையாகவே வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ஐந்தாவதாக இறக்கக்கண்டிக் கடலில் மூழ்கிய மீன் வியாபாரியின் வள்ளம் நிஜமாகவே கவிழ்ந்தது. அவர் நீந்திக் கரையேறினார். இரண்டையும் திகதியோடு நாட்குறிப்பில் எழுதினேன். அதன்பின் அந்தக் கடையை எதிர்ப்பக்க நடைபாதையால் கடந்தேன்.

அப்படியும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அவருடைய அத்தியாயங்களுக்குப் பிழை திருத்துபவன் நான்தான். அன்புவழிபுரத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற இலிகிதர். பிழை திருத்தும் பழக்கத்தில், நான் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்று திருத்திய பிறகே படத்தைப் பார்த்தேன். நான். செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குத் தகனம்.

சண்டைக்காலத்துப் பெயர்ப்பட்டியல்களுக்குப் பிறகு, தாளில் தன் பெயரைக் கண்டால் பயப்படுவது இந்த ஊரில் என் வயதுக்காரருக்குப் பழைய வியாதி.

"என்னை எடுத்துவிடுங்கோ, அண்ணன்."

"ஏலாது, சேர். செத்துக்கிடக்கிற உங்கட கைக்குள்ளதான் துப்பு இருக்கு. நீங்க சாகாட்டி கொலைகாரன் பிடிபடவே மாட்டான். ஒன்பது வருசக் கதை."

செவ்வாய் காலை பாண் வாங்கப் போனேன். சந்தி லைட் போஸ்டில் என் முகம் ஒட்டியிருந்தது. வேறொரு உண்மையான மரண வீட்டுக்காரர், தங்கள் அறிவித்தல் கட்டோடு கடை மேசையில் கிடந்த என் தாளையும் அள்ளிப்போய், அழுதபடியே ஒட்டிவிட்டார்கள். ஒன்றுதான். ஒன்று போதும். வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் அயலவர்கள் சாவுவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். வாடகைக் கதிரைகளோடு வந்த லொறியை மனைவி மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஆள் உயிரோட நிக்கிறார். கதிரையை இறக்காதேங்கோ."

கடையைப் பூட்டிவிட்டு ஏ-ஃபோர் அண்ணன் சைக்கிளில் வந்தார். கிழித்த அறிவித்தல் கையில் இருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். "நாலு மணி வரைக்கும் நான் இஞ்சதான், சேர்," என்றார்.

என்னை நடு விறாந்தையில், மின்விசிறிக்கு நேர்கீழே வராமல் உட்காரவைத்தார். குளிக்க விடவில்லை. தொலைபேசியைத் தொட விடவில்லை. மத்தியானம் என் தட்டிலிருந்த மீனில் ஒவ்வொரு முள்ளாகத் தானே எடுத்தார். மூன்றரைக்கு என் மணிக்கட்டைப் பிடித்தார். என் நெஞ்சு அடித்த அடியில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. சரியாக நான்குக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. இருவரும் ஒன்றாக அலறினோம்.

குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி போடட்டோ, இல்லாட்டி ரெண்டு பேரையும் எரிக்கக் கொண்டு போகச் சொல்லட்டோ?"

நான்கு ஐந்துக்கு அவர் கையை விட்டார். மறுநாள் ஆறாவதான என் கொலையை அழித்துவிட்டார். பொலிஸ்காரர் நேரத்துக்கு வந்து என்னைக் காப்பாற்றுகிறார். துப்பு கிடைக்கவில்லை, கொலைகாரன் பிடிபடவில்லை. ஒன்பது வருட நாவல் அந்த இடத்திலேயே நிற்கிறது.

எனக்கே மனம் கேட்கவில்லை. என்னைக் கொன்றுவிட்டுக் கதையை முடியுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஏ-ஃபோர் அண்ணன் லெமினேட்டிங் மெசினிலிருந்து தலையைத் தூக்குவதே இல்லை.

"அவன் திரியட்டும், சேர். நீங்க இருங்கோ."