அயர்லாந்தில் கட்டிய வரப்பு

மரியாதைக்குரிய மச்சான் ரத்தினசாமி அவர்களுக்கு,

அயர்லாந்தில் மகள் வீட்டுக்குக் காவல் இருக்கும் குப்பண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை மருதாத்தாளும் இங்கே நனைந்துகொண்டு சௌக்கியம். கோவிந்தாபுரத்தில் நீங்களும் கற்பகத்தக்காவும் காய்ந்துகொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தென்னந்தோப்பை, விலைக்குக் கேட்கிற அந்தக் கஞ்சிக்கோட்டுக்காரருக்கே கொடுத்துவிடலாம். மூன்று தடவை சரியென்று சொல்லி மூன்று தடவையும் நான் பின்வாங்கியதால், இனி உன் வாயை நம்ப மாட்டேன், எழுத்தில் கொடு என்று கேட்டீர்கள் அல்லவா, இதோ எழுத்து. இந்த முறை பேச்சு மாறினால் என் பெயர் குப்பண்ணன் இல்லை.

ஏன் இந்த முடிவு என்று கேட்பீர்கள். வனிதாவும் மாப்பிள்ளை சந்துருவும் குழந்தையோடு ஏதோ ஒரு தேசத்துக்கு வெயில் பார்க்கப் போயிருக்கிறார்கள். ஆமாம் மச்சான், வெயில். நம் ஊரில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் தலையில் கொட்டுகிறதே, அதைப் பார்க்க விமானம் ஏறிப் போகிறார்கள். கிளம்பும்போது, "அப்பா, நீங்க பூட்டித் தொறந்தாப் போதுங்கப்பா, வேற எதையும் தொடாதீங்க" என்றாள். நானும் தொடவில்லை. ஆனால் அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் பிடித்த மழை இன்றுவரை விடவில்லை. நம் ஊரைப் போலப் பத்து நிமிஷம் கொட்டிவிட்டு ஓடிப்போகிற மழை இல்லை, சாப்பாட்டு நேரத்துக்குக்கூட நிற்காத மழை. கூரையில் விழுகிற தண்ணீர் அத்தனையும் ஒரு குழாய் வழியாக இறங்கி, ஒரு துளையில் விழுந்து, எங்கோ சாக்கடைக்குப் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்குமா? நம் போர்வெல் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் ஊதுகிறது, இங்கே தண்ணீரைக் கேட்பாரில்லை.

முதலில் வாளி வைத்தேன். பிறகு குக்கர், பிறகு குழந்தை குளிக்கிற தொட்டி. எல்லாம் நிரம்பிவிட்டது. அப்புறம்தான் கை நமநமவென்றது. கொட்டகையில் மம்பட்டி இல்லை, பனி அள்ளுகிற ஒரு அகலக் கரண்டி மாதிரி ஒன்று இருந்தது. பின்பக்கப் புல்தரையைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, ஓரம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு வரப்பு போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, உங்கள் வரப்பைவிட நேராக வந்தது. சாக்கடைத் துளையை மருதாத்தாளின் பழைய சேலையைத் திணித்து அடைத்தேன். "ஏனுங்க, அது எங்க சின்னாயி எடுத்துக் குடுத்த சீலைங்க" என்று அவள் சொன்னது துளை அடைபட்ட பிறகுதான் காதில் விழுந்தது. சாயங்காலம் தோட்டம் குளமாகிவிட்டது. இரண்டு வாத்துகள் வந்து இறங்கின. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் மச்சான், வாத்துகளுக்கு அரிசி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆனந்தி, ஆஸ்பத்திரி நர்ஸ், டூட்டி முடிந்து வந்த உடுப்போடு நின்றாள். நம் மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் எஸ்டேட்டுப் பெண். மரவேலிக்கு அடியில் என் தண்ணீர் கசிந்து அவள் முற்றத்தில் நாற்காலியும் பிள்ளையின் சைக்கிளும் மிதக்கின்றன, சமையலறை வாசல்வரை ஏறிவிட்டது. வாயில் வந்தபடி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வேலியடியில் ஊறிக் கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, தண்ணிய நிப்பாட்டாதீக. மண்ணு ஊறுனா செவரு நிக்காது. எங்க லயத்துல பாதி அப்படித்தான் போச்சு."

மழை பெய்தால் நாம் தேக்கப் பார்ப்போம், மலைச்சரிவில் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் அவர்கள் வெட்டிவிடப் பார்ப்பார்கள். சின்ன வயதில் மழை ராத்திரிகளில் அவள் வீட்டில் யாரும் பாய் விரித்ததில்லையாம், மேடு சரிந்து வருமோ என்று பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நான் கட்டிய வரப்பை நானே வெட்டினேன், அவள் சேலையை உருவினாள், அத்தனை தண்ணீரும் மடமடவென்று போய்விட்டது. வாத்துகளும் போய்விட்டன. உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது, நல்லவேளை மழையில் தெரியவில்லை. ஆனந்தி பார்த்திருப்பாள் போல. உள்ளே கூட்டிப்போய்ப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள்.

அன்றோடு மனசு விட்டுப்போச்சு மச்சான். பாடுபடத் தெரிந்தவன் இருக்கிற இடத்தில் தண்ணி இல்லை, தண்ணி இருக்கிற இடத்தில் நான் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும். இந்த வயசில் காய்ந்த தென்னையை அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்கிறதைவிட, பேத்தியோடு இங்கேயே இருந்துவிடலாம். வனிதாவும் அதைத்தான் கேட்கிறாள். ஆகவே கஞ்சிக்கோட்டுக்காரரிடம் முடித்துவிடுங்கள். புல்தரை விஷயத்தை மட்டும் வனிதா காதுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கற்பகத்தக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், எருமைக்கு முதுகில் ஒரு தட்டு. மாரியாத்தா எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பேச்சு மாறாத குப்பண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மருதாத்தாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கற்பகத்தக்கா பேசினார்களாம், அங்கே மத்தியானத்திலிருந்து மழை அடித்து ஊற்றுகிறதாம், ஓடையில் தண்ணீர் வருகிறதாம். மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கஞ்சிக்கோட்டுக்காரர் வந்தால் நான் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. எனக்கு வேறு பெயர் வைப்பதை ஊருக்கு வந்ததும் பேசிக்கொள்வோம். இதையெல்லாம் போனிலும் கத்திச் சொல்லிவிட்டேன், எழுத்தில் வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான். தோப்பின் மேற்கு வரப்பில் எலி வளை இருக்கும். ஊரில் எங்கள் வீட்டுப் பரணில் மருதாத்தாளின் பழைய சேலை இரண்டு கிடக்கிறது, எடுத்து அடைத்துவிடுங்கள். அவளிடம் இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன். ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது மச்சான்.