ரெண்டும் பீச்சாங்கை

மனைவிக்குக் கை வலித்தால் சாதாரணக் கணவன் தைலம் தேய்த்துவிடுவான். எஞ்சினியர் கணவன் லேப்டாப்பைத் திறந்து டிசைன் போடுவான். நான் இரண்டாவது ரகம்.

மஞ்சுளா, டாக்டர்கள் பேசி அனுப்பும் ஆடியோவை வீட்டிலிருந்தே கேட்டு ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுப்பவள். வருடக்கணக்காகத் தட்டியதில் வலது மணிக்கட்டு போய்விட்டது. தோசையைத் திருப்பும்போதுகூட முகம் சுளிப்பாள். "கீபோர்டை மாத்துங்க, இல்லேன்னா வேலையை மாத்துங்க" என்றார் டாக்டர். வேலையை விட அவளுக்கு மனதில்லை. ஆனால் பூஜை லீவு முடிந்ததும் பழைய வேகத்தில் தட்டாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

கைக்கு ஒரு பாதியாக, இரண்டாகப் பிரிந்த கீபோர்டு இருக்கிறது. தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டால் மணிக்கட்டு மடங்காது. கடையில் வாங்கியிருக்கலாம். (வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை ஏது?) "உன் கைக்கு அளவெடுத்து நானே செய்யறேன்" என்றேன்.

"நீங்க மாட்டின கர்ட்டன் ராடு இன்னும் சாஞ்சுதான் இருக்கு" என்றாள். காதில் விழாத மாதிரி பென்சிலைச் சீவினேன்.

பேப்பரில் அவள் கையை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். வலது கையை விரித்தால் வலிக்குமே என்று இடது கையை மட்டும். அதை அன்பு என்று நினைத்தேன்.

விரலுக்கு விரல் பள்ளம், கட்டைவிரலுக்குத் தனிப் பட்டன், உள்ளங்கை சாய ஒரு மேடு என்று வரைந்து, ஹவுராவில் மரம் குடைந்து தரும் பட்டறைக்குக் கொண்டு போனேன். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் இருக்கிறோம், என் வங்காளத்தைக் காட்ட வேண்டாமா? "ஏகி ரொகோம் துட்டோ!" என்றேன் கணீரென்று. ஒரே மாதிரி இரண்டு. அவர்களும் சொன்ன சொல் தவறாமல் ஒரே மாதிரி இரண்டு செய்து கொடுத்தார்கள்.

நியூ டவுன் ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து வயரிங் செய்தேன். இரண்டுக்கும் ஒரே வரைபடம். 'இவ்வளவு சுலபமா!' என்று எனக்கே ஆச்சரியம். ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் இட்லித் தட்டு மாதிரி கச்சிதமாகப் பொருந்தின. அந்த அழகை ரசித்தேனே தவிர, என் இரண்டு கைகளையும் ஒரு தடவை கவிழ்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முடித்தது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள்.

"ஒரு தடவை தட்டிப் பாத்துடறேனே" என்றாள் மஞ்சுளா.

"கூடாது. பூஜையில வெச்சு, விஜயதசமி அன்னிக்குத்தான் எடுக்கணும்." (மற்ற நாளில் சாமி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன் நான்.)

விஜயதசமிக்கு, சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ரிட்டயர் ஆன அப்பா வந்திருந்தார். பக்கத்து ஃப்ளாட் வங்காளி மாமி, எங்களுக்கு 'மாஷிமா', சுண்டலுக்கு வந்திருந்தார். வீடியோ எடுக்க மகளை நிறுத்தியிருந்தேன். சந்தனம் குங்குமத்தோடு கீபோர்டு மேசைக்கு வந்தது.

மஞ்சுளா இடது கையை ஒரு பாதியில் வைத்தாள். "அய்யோ, எவ்வளவு சுகமா இருக்கு!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வலது கையை வைத்தாள். கட்டைவிரல் பட்டன் சுண்டுவிரலுக்குக் கீழே கிடந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள், கீபோர்டைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ கி! துட்டோயி பா ஹாத்?" என்றார் மாஷிமா.

அப்பா அதைத் தமிழாக்கினார். "ஏண்டா, ரெண்டும் பீச்சாங்கைடா! அப் லைன்லயே ரெண்டு வண்டியையும் விட்டிருக்கியேடா!"

மாஷிமா சிரித்த சிரிப்பில் சுண்டல் சிதறியது. மஞ்சுளா மட்டும் சிரிக்கவில்லை, மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்கணும்ங்க" என்றாள் மெதுவாக. வெட்கத்தை விட எனக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது.

ஹவுரா பட்டறை, பௌர்ணமிக்கு வரும் லக்ஷ்மி பூஜை கழிந்துதான் திறக்கும். அதுவரை அவளுடைய வலப்பாதி நான்தான் என்று முடிவானது. ஆபீசுக்கு லீவு போட்டேன். அவள் இடது கையால் புதுக் கீபோர்டில் தட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கீபோர்டின் வலப்பக்க எழுத்துகளைத் தட்டினேன். 'ஃபீவர்' என்று டாக்டர் சொன்னால் எல்லா எழுத்தும் அவள் பக்கம். 'பில்', அதாவது மாத்திரை, என்றால் முழுக்க என் பக்கம். மற்ற சொற்களிலெல்லாம் முட்டிக்கொண்டோம். "எல்! ஐ! தூங்கறீங்களா?" என்று விரட்டுவாள். நான் முந்திவிட்டால் யாரோ ஒரு நோயாளியின் லிவர் கலங்கிவிடும். வேகம் வந்ததோ இல்லையோ, வேலை போகவில்லை.

பிறகு உண்மையான வலப்பாதி வந்தது. இன்றும் அதில்தான் தட்டுகிறாள், மணிக்கட்டும் தேவலை. உபரி இடப்பாதியையும் அப்பா வருடா வருடம் பூஜையில் வைக்கச் சொல்கிறார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் மஞ்சுளா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகளிடம் சொல்வாள்: "ஃபீவரை நான் பாத்தாச்சு. பில் உங்கப்பா டிபார்ட்மெண்ட்."

ஓடிப்போய் மாத்திரை எடுத்து வருகிறேன். நீட்டுவதற்கு முன், அது வலது கைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.