துரைசாமியின் அமெரிக்கப் பாட்டனார்

துரைசாமி மறுபடியும் முகத்தில் பவுடரை அப்பினார். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் புழுக்கத்தில் அது வழிந்து, சட்டைக் காலரில் கோடு போட்டது.

"போதுங்க. பாக்கறவங்க கூத்துக்கு வேஷம் கட்டியிருக்கீங்கன்னு நெனைக்கப் போறாங்க" என்றாள் மனைவி பாக்கியலட்சுமி.

"உனக்கு என்ன தெரியும்? இன்னிக்கு நான் அமெரிக்கக்காரன் வாரிசு!"

எல்லாம் வாய் செய்த வினை. துரைசாமி ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஊரார் பயணத்துக்கெல்லாம் டிக்கெட் எழுதியே தலை நரைத்தவர், தாம் மட்டும் ஜொகூர் பாலத்தைத் தாண்டியதில்லை. அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் ஒருநாள் மானேஜர் ஒரு சேதி சொன்னார். ஹோபர்ட் என்ற அமெரிக்க அம்மாள் வந்திருக்கிறாராம். அந்த நாட்டில் ஆதியில் குடியேறிய தம் முன்னோர் ஒருவரின் வம்சத்தைத் தேடுகிறாராம். சொந்தம் யாராவது கிடைத்தால், அங்கே நடக்கும் குடும்பக் கூட்டத்துக்குக் கப்பலிலேயே அழைத்துப் போவாராம்.

கப்பல் என்ற சொல் காதில் விழுந்ததும் துரைசாமியின் நாக்கு நழுவியது. "சார், என் பாட்டனாரோட பாட்டனார் அமெரிக்கக் கேப்டன்!"

மானேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரித்திருந்தால் துரைசாமி பிழைத்திருப்பார். சிரிக்காமல் டெலிபோனை எடுத்தார்.

அதனால்தான் இந்தப் பவுடர். சுவரில் தலைப்பாகையும் திருநீறுமாக இருந்த அப்பாவின் படம் கட்டிலுக்கடியில் போயிற்று. படம் இருந்த இடம் பளிச்சென்று பல்லிளித்தது. அதை மறைக்கப் பக்கத்து முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் படத்தை இரவல் வாங்கி மாட்டினார். தலைத்தைல விளம்பரம். கையிலிருந்த பாட்டில் தெரியாமல் மல்லிகை மாலை போட்டார்.

"இவர்தான் கேப்டன். ஞாபகம் வச்சுக்க."

"கேப்டன் எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டுறாரு?"

அதற்குள் வாசலில் டாக்சி வந்து நின்றது. டிரைவர் சேக் தாவூது கதவைத் திறந்துவிட, நரைத்த தலையுடன் ஹோபர்ட் அம்மாள் இறங்கினார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கைகூப்பினார். துரைசாமி அந்தக் கூப்பிய கையைப் பிடித்து இழுத்துக் குலுக்கினார்.

"வீட்டில் தமிழ் பேசுவீர்களா?" என்று அம்மாள் ஆங்கிலத்தில் ஆவலாகக் கேட்டார்.

"சேச்சே! இங்கிலீஷ் மட்டும்தான்."

"ஏங்க! சாம்பார்ல உப்பு போதுமான்னு வந்து பாருங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அது... குக்" என்றார் துரைசாமி.

பாக்கியலட்சுமிக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று. சாம்பார் கிண்ணம் மேசையில் வந்து இறங்கிய வேகத்தில் பாதி சாம்பார் துரைசாமியின் டையில் இறங்கியது. பிறகு அவள் எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாள் இட்லியைக் கையால் பிட்டார். துரைசாமி பாய்ந்து முள்கரண்டியை நீட்டினார்.

"நாகப்பட்டினத்தில் உங்களுக்கு உறவினர் உண்டா?"

துரைசாமியின் அப்பா கப்பலேறிய ஊரே அதுதான். ஒரு தெரு நிறைய அத்தைகள் இருந்தார்கள். ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் பாக்கியலட்சுமி முகம் மலர்ந்து வாயைத் திறந்தாள். துரைசாமி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவள் திருப்பி மிதித்ததில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"யாருமே... இல்லைங்க மேடம். எங்களுக்கு எல்லாமே பாஸ்டன்தான்."

அம்மாளின் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த மாலை சரிந்தது. கேப்டன் தைலப் பாட்டிலோடு சிரித்தார்.

"மன்னியுங்கள். இது வேறு குடும்பம் போலிருக்கிறது" என்று அம்மாள் மெல்ல எழுந்து போய் டாக்சியில் ஏறிக்கொண்டார். மறந்துவிட்ட குடையை எடுக்க சேக் தாவூது மட்டும் உள்ளே வந்தார்.

துரைசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தப் படத்தப் பாத்துத்தானே அம்மா கோவிச்சுக்கிட்டாங்க?"

"படத்த யாருண்ணே பாத்தா? அந்தம்மாவோட பாட்டனாருக்குப் பாட்டனாரு, அந்தக் காலத்துலயே அமெரிக்கா போய்க் குடியேறுன தமிழ்க் கப்பல்காரருலா. அவங்க இம்புட்டு தூரம் தேடி வந்தது நம்மாளத்தான்!"